மணி அடித்ததும் மாமா மேடையேறினார்

குற்றவியல் கருத்தரங்கு ஒன்றில், கட்டுரை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் உட்கார வைத்து முகம் துடைத்துவிடப்பட்ட ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம். துண்டு என்னிடம் இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். எம்.ஏ. குற்றவியல் முடித்த கொழுப்பு என் உடம்பில் முழுசாக இருந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அந்தப் படிப்பைப் படித்த முதல் ஆள் நான்தான். (கடைசி ஆளும் நான்தான் என்பது பிறகு தெரிந்தது.) எதிர்வீட்டு இஸ்திரிக்கடை அக்கா ஒருநாள் கேட்டது.

"குற்றவியல்னா இன்னா பாப்பா? போலீசாவப் போறியா?"

"இல்லக்கா."

"அப்ப வக்கீலா?"

"அதுவும் இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கு அத்தப் படிக்கிற?"

மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள், சமூகம் அவர்களை என்ன செய்கிறது, தண்டனை எதற்கு என்றெல்லாம் நான் மூச்சு விடாமல் விளக்கினேன். அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டது. கடைசியில், "அப்ப எங்கூட்டு சைக்கிள எட்த்துகினு போனவனக் கண்டுபுடிச்சுத் தருவ?" என்றது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

எனக்குக் கருத்தரங்கு என்றால் உயிர். சிலர் சினிமாவுக்கு ஓடுவார்கள், நான் கருத்தரங்குக்கு ஓடுவேன். ரெக்சின் ஃபைல், அதற்குள் ஒரு பேனா, குத்துவிளக்கு, வரவேற்புரைக்கு ஒரு நன்றியுரை, எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் போனது அதற்காக இல்லை. தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் குறையும் என்பார் ஒருவர். அதற்கு ஆதாரம் எங்கே என்பார் இன்னொருவர். நேருக்கு நேர் மோதுவார்கள், ஒரு வார்த்தை தடிக்காது. மதியம் அதே இரண்டு பேரும் தட்டை ஏந்தி வரிசையில் நின்று "இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்குங்க" என்று உபசரித்துக்கொள்வார்கள். குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்தியதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. இப்படியும் சண்டை போடலாமா என்று வாய் பிளந்து பார்த்தேன்.

அந்தச் சண்டைகளின் ராணி பேராசிரியர் சகுந்தலா. ஒல்லியான உடம்பு, கைத்தறிப் புடவை, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று அவர் ஆரம்பித்தால் கட்டுரை வாசித்தவர் தண்ணீர் டம்ளரைத் தேடுவார். எனக்கு அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அந்த வருடம் அவரிடம் ஒரே ஓர் இடம்தான் காலி. போய்க் கேட்டேன். "திருவொற்றியூர்ல ஒரு காலேஜ்ல கருத்தரங்கு நடக்குது. கட்டுரை வாசி. நான்தான் அந்த அமர்வுக்குக் கேள்வி கேக்கறவ. பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

வீட்டில் அப்பா இன்னொரு பக்கம் வலை விரித்திருந்தார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தனக்குத் தெரிந்த கன்டெய்னர் யார்டு ஆபீசில் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்துவிட்டார். கருத்தரங்கு வெள்ளிக்கிழமை. வேலையில் சேர வேண்டியது திங்கட்கிழமை. "மேடம் சேத்துகினா படி. இல்லாட்டி திங்கக்கெழம சோத்து டப்பாவ எட்த்துகினு என் கூட வா" என்று சொல்லிவிட்டார். பேச்சு முடிந்தது.

கட்டுரைக்கு நான் எடுத்த விஷயம் எங்கள் தெரு பாக்சிங் கிளப். அதை நடத்துபவர் என் தாய்மாமன் ஏழுமலை. கறுத்த, அகலமான, சிரித்தால் தெருவே சிரிக்கிற மனிதர். பகலில் மீன் ஏற்றும் கம்பெனியில் மேஸ்திரி வேலை. சாயங்காலம் தகரக் கொட்டகையில் பையன்களைக் குத்த வைப்பார். கிளப்புக்கு வருகிற பையன்கள் வம்பு தும்புக்குப் போவதில்லை, பாக்சிங் குற்றத்தைத் தடுக்கிறது, இதுதான் என் கட்டுரை. ஒரு மாதம் கொட்டகையில் உட்கார்ந்து வந்த பையன்கள் எல்லாரையும் பேட்டி எடுத்தேன். எல்லாரும் தங்கம் தங்கமாகப் பதில் சொன்னார்கள். மாமா பக்கத்திலேயே நின்றார் என்பதால் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கு நிறைய விஷயங்கள் தோன்றாது.

அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள் மாமா கேட்டார்.

"ஆமா, அந்தக் கருத்தரங்குல இன்னாதான் பண்ணுவாங்கோ?"

அவருக்குப் புரிய வேண்டும் என்று அவருடைய பாஷையிலேயே சொல்லலாம் என நினைத்தேன். அந்த நினைப்பு வந்த நேரத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"மேடைல நான் ஒரு பக்கம் மாமா. எதிர்ப்பக்கம் ஒரு மேடம். நான் சொல்றத அவங்க உடைப்பாங்க. நான் தடுக்கணும். நடுவுல ஒருத்தர் இருப்பாரு. நேரம் பாத்து மணி அடிப்பாரு."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத்த மொதல்லயே சொல்லக் கூடாது? சரி, உன் கார்னர்ல யாரு நிக்கிறாங்கோ? தண்ணி குடுக்க, மூஞ்சி தொடைக்க?"

"யாரும் இல்ல மாமா. தனியாத்தான்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "தனியாவா? நம்ம கொட்டாய்லேர்ந்து ஒரு ஆளு கார்னர் இல்லாம ரிங்குல ஏறினதா சரித்திரமே இல்ல பாப்பா" என்றார். நான் சிரித்துவிட்டு எழுதப் போனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. என் அமர்வு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கருத்தரங்கு அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பிரியாணி போட்டிருந்தார்கள் வேறு. அரங்கில் மின்விசிறிகள்தான் அதிகம் இருந்தன, ஆட்கள் இல்லை. அமைப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். அந்த நேரம் பார்த்து வெளியே படபடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று கல்லூரி வளாகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் கிளப்பே உட்கார்ந்திருந்தது.

மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். கையில் ரோஜா மாலை. பின்னால் கிளப்பின் மூத்த பாக்சர் லாரன்ஸ், ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல், இன்னொரு கையில் வாளி. வாளிக்குள் தண்ணீர் பாட்டில், துண்டு, பஞ்சு, ஐஸ் கட்டி. (ஐஸ் மீன் கம்பெனியுடையது. வாசனை பிறகு தெரிந்தது.)

"மாமா, என்ன இது!"

"நீ ஒண்ணியும் கண்டுக்காத. எதிராளி எங்க?"

தடுக்க நான் வாயைத் திறப்பதற்குள் அமைப்பாளர் முந்திக்கொண்டார். காலியான அரங்கைப் பார்த்து நொந்துபோயிருந்தவருக்குப் பார்வையாளர்கள் கூட்டமாக வந்தால் தெய்வம் வந்த மாதிரி. "வாங்க வாங்க, முன்னாடி உக்காருங்க" என்று அழைத்துப் போய் முதல் வரிசையை நிரப்பினார். ஆளுக்கு ஒரு ரெக்சின் ஃபைலும் கொடுத்தார். பையன்கள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.

தலைமை ஓய்வுபெற்ற சிறை அதிகாரி ஒருவர். மீசையும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். மேசை மணி எங்கோ காணாமல் போய்விட்டதால் கல்லூரியின் பித்தளைக் கைமணியை அவர் முன்னால் வைத்திருந்தார்கள். மாமா அந்த மணியைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

நான் ஆரம்பித்தேன். முதலில் இங்கிலீஷ் நடுங்கியது, பிறகு ஓடியது. கீழே மாமா தன் இரண்டு முஷ்டியையும் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பயிற்சியில் அதற்கு அர்த்தம், கையை இறக்காதே. சின்ன வயசிலிருந்து பார்த்த பழக்கம், என் கையும் தானாகத் தாடைக்கு ஏறிவிட்டது. புள்ளிவிவரத் தாளைப் பிடித்த கையோடு தாடையைக் காத்துக்கொண்டு "சமூகக் கட்டுப்பாடு" பற்றிப் பேசினேன். பேராசிரியர் சகுந்தலா குனிந்து என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார்.

தலைவர் மணியை அடித்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, முடித்துக்கொள் என்பதற்கான மணி அது. உலகத்தில் எல்லாக் கருத்தரங்கிலும் அடிக்கிற மணி. ஆனால் எங்கள் கொட்டகையில் மணிக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: ரவுண்டு முடிந்தது, கார்னர் ஆள் ஸ்டூலோடு ஓடி வரணும்.

மாமா மேடையில் இருந்தார். எப்படி ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. என் முழங்காலுக்குப் பின்னால் ஸ்டூல் வந்து இடித்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துண்டு முகத்தில் விழுந்தது. நெற்றிப் பொட்டு, கண்மை, பவுடர் எல்லாம் போனது, பதிலுக்கு வஞ்சிர வாசனை வந்தது. லாரன்ஸ் என் வாயில் பாட்டிலைச் சாய்த்தார். நான் விழுங்கினேன். வேறு என்ன செய்வது!

"மூச்ச வுடு. நல்லா வுடு. சோக்காப் போய்னு கீற" என்று தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே மாமா காதில் சொன்னார். "அந்த மேடம் எழுதிகினே கீறாங்கோ பாரு. ஒரே அடில முடிக்கப் பாக்குறாங்கோ. உஷாரு."

தலைவருக்கு இப்போதுதான் குரல் வந்தது. "யாருய்யா நீங்க?"

"கார்னர் சார்" என்றார் மாமா, மரியாதையாக.

"இது முடிஞ்சதுக்கு அடிச்ச மணி இல்ல. முடிக்கச் சொல்லி அடிச்ச மணி!"

மாமா அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். "அப்ப ரவுண்டு இன்னும் முடியலியா? மன்ச்சிக்குங்க சார். தப்பு நம்மள்து" என்று கையெடுத்துக் கும்பிட்டு, என்னை எழுப்பி நிறுத்திவிட்டு, ஸ்டூலோடு இறங்கிப் போனார். கடைசிப் பத்தியை நான் எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள். சொட்டிய தண்ணீரில் மை கரைந்து பாதி வாக்கியம் காணோம். நானாக இட்டுக்கட்டினேன். கடைசி வரிசையில் யாரோ இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பேராசிரியர் எழுந்தார். "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, அவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

"கிளப்புல இருக்கற பையன்கள எல்லாம் கேட்டிருக்கீங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க, சந்தோஷம். கிளப்ப விட்டுப் போனவங்க இருப்பாங்கல்ல? அவங்க இப்ப எங்க இருக்காங்க? அவங்கள்ல எத்தன பேர கேட்டீங்க?"

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. ஒரு கேள்வியில் என் கட்டுரை மொத்தமும் சரிந்தது. நல்லபடியாகத் தங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, கிளப் எல்லாரையும் நல்லவர்களாக்குகிறது என்று எழுதியிருக்கிறேன்! ஒரு மாதத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அந்த நிலையிலும் ஒரு மனசு 'அடேங்கப்பா, என்ன கேள்வி!' என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. இன்னொரு மனசு திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி தேடியது.

ஆனால் அந்த அடி எனக்கு மட்டும் விழவில்லை. முன்வரிசையில் பையன்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. கையில் கோப்பையோடு சேகர் அண்ணன், பக்கத்தில் மாமா. மாமா வளர்த்ததிலேயே சிறந்த கை அவருடையது என்பார்கள். கிளப்பை விட்டுப் போய், கூடாத சகவாசத்தில் விழுந்து, ஒரு வெட்டுக்குத்தில் மாட்டி அப்போது உள்ளே இருந்தார். போட்டோவை மாமா கழற்றவில்லை, அந்தப் பேரைச் சொல்லவும் மாட்டார். நாங்களும் சொல்ல மாட்டோம்.

லாரன்ஸ் சட்டென்று எழுந்தார். "மேடம், இன்னா நீங்க..." என்று ஆரம்பித்தவரின் தோளை மாமா ஒரே அழுத்தாக அழுத்தி உட்கார வைத்தார். பிறகு தானே எழுந்தார்.

"சார், ஒரு வார்த்த பேசிக்கலாமா?"

தலைவர், நடப்பது நடக்கட்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். தலையசைத்தார்.

"மேடம் அடிச்சது சுத்தமான அடி. வளைச்சு அடிக்கல, கீழ அடிக்கல, நேரா அடிச்சாங்கோ. எங்க பொண்ணாண்ட பதில் இல்ல. என்னாண்டயும் இல்ல." மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "போனவன நானே போய்ப் பாத்தது கெடையாது. பாயிண்டு மேடத்துக்குத்தான்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மேடைக்கு நடந்தார். பேராசிரியர் முன்னால் நின்று, "தப்பா நென்ச்சுக்காதீங்கோ, கையக் குடுங்கோ" என்றார். சகுந்தலா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கையைக் கொடுத்தார். மாமா அந்த ஒல்லிக் கையை மேலே தூக்கிப் பிடித்தார். கைத்தறிப் புடவையும் வெள்ளை வேட்டியுமாக இரண்டு பேரும் நின்றார்கள். எதிராளி ஜெயித்தால் முதலில் நாம்தான் கைதட்ட வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். பையன்கள் எழுந்து நின்று தட்டினார்கள். லாரன்ஸ் விசிலே அடித்துவிட்டார். எனக்காக வாங்கிய ரோஜா மாலை மேடத்தின் கைக்குப் போனது.

தலைவர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்றார்.

தயார் செய்து வைத்திருந்த சமாளிப்பு வாக்கியங்கள் எனக்கு நிறையத் தெரியும். கருத்தரங்குகளில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவை. மாமா தன் வாயால் அப்படிச் சொன்ன பிறகு அவற்றில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. "இல்ல சார். போனவங்கள நான் தேடவே இல்ல. தேடியிருக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எங்கே உட்கார்ந்தேன் என்றால், லாரன்ஸ் நல்ல மனசோடு மறுபடியும் கொண்டுவந்து போட்ட அதே ஸ்டூலில்.

வெளியே வந்து தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று அழுதேன். ஒரே இடம், அதுவும் போச்சு, மீன் வாசனை மட்டும்தான் மிச்சம் என்று அழுதேன். யாரோ பின்னால் வந்து நின்றார்கள். மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சகுந்தலா மேடம்.

"அவர் யாரு?"

"எங்க மாமா மேடம். ஸாரி மேடம். அவருக்குத் தெரியாம..."

"எவ்வளவோ கருத்தரங்குல கேள்வி கேட்டிருக்கேன். நல்ல கேள்வி, ஆய்வு செய்யறேன், பரிசீலிக்கறேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. தோத்துட்டேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னிக்கு ஒரே மேடைல ரெண்டு பேரு சொல்லிட்டீங்க." மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்துப் பார்த்தார். "விட்டுட்டுப் போனவங்க. அதான் உன் தலைப்பு. திங்கட்கிழமை டிபார்ட்மென்டுக்கு வா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இன்னும் பலமாக அழுதேன். அவர் கைப்பையில் கைக்குட்டை தேடினார். அதற்குள் பின்னாலிருந்து ஈரத்துண்டு ஒன்று என் முகத்தில் வந்து விழுந்தது. மாமா கார்னரை விட்டு நகரவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. எண்ணூர், மீஞ்சூர், நெட்டுக்குப்பம் என்று கிளப்பை விட்டுப் போனவர்களைத் தேடி அலைந்தேன். சிலர் அப்பா பார்த்த கன்டெய்னர் யார்டிலேயே வேலையில் இருந்தார்கள். (அப்பாவுக்கு ஒரே குஷி, எப்படியோ நான் அங்கே போய்விட்டேன் என்று.) சிலர் ஜெயிலுக்குள்ளே இருந்தார்கள். சேகர் அண்ணனைப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று மாமாவும் வந்தார். மனு கொடுத்து, உறவினர் என்று சொல்லிக் காத்திருந்து, கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள். "எளச்சிட்ட" என்றார் மாமா. அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுக்க மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாராவது வாக்குவாதத்தில் மடங்கிவிட்டால் ஒருவர் கரண்டியால் சொம்பில் தட்டுவார், இன்னொருவர் துண்டு கொண்டுவருவார். என் கல்யாணத்தில் புரோகிதர் மணி ஆட்டியதும் மொத்தக் கூட்டமும் திரும்பி மாமாவைப் பார்த்துச் சிரித்தது. என் கணவருக்கு விஷயம் தெரியாது, பாவம். சிரிப்பது தன்னைப் பார்த்து என்று நினைத்து வேட்டியைச் சரி பார்த்துக்கொண்டார்.

ஆராய்ச்சி முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தபோது சகுந்தலா மேடம் மாமாவுக்குத் தானே போன் செய்து அழைத்தார். கூடவே, "ஸ்டூல் மட்டும் வேண்டாம் ஏழுமலை சார்" என்றார். மாமா சத்தியம் செய்து கொடுத்தார். சொன்னபடியே வெறுங்கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். வெளியூர்ப் பேராசிரியர் முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அரங்கின் கதவு கிரீச்சிட்டது. எல்லாரும் திரும்பினோம்.

வாசலில் சேகர் அண்ணன். வெளியே வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தோளில் துண்டு, கையில் அதே ஸ்டூல்.

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மணி இன்னும் அடிக்கலயே" என்றார்.

"தெரியும் மேடம். முன்னாடியே வந்து நின்னுக்குறேன்" என்றார் சேகர் அண்ணன். "போன தபா நான் இல்ல."

மேடம் எழுந்து போய் அவருக்கு முன்வரிசையில் இடம் காட்டினார்.